கை காட்டினால் நிற்கும்

என் அண்ணி ஓட்டுகிற பேருந்தில் பதினாறு வருஷமாக நான் ஏறியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள்.

அண்ணனுக்குக் கல்யாணமான முதல் மாதம் அது. காலையில் வேலைக்குக் கிளம்பியவள், அண்ணியின் வண்டி நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்து ஓடினேன். இன்னும் இருபது அடிதான் பாக்கி. "அண்ணீ!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். மணி ஏழு நாற்பது ஆயிற்று, வண்டி கிளம்பிப் போய்விட்டது. சாயங்காலம் கேட்டால், "கண்ணாடியில பார்த்தேன். நீ கை காட்டலையே? காட்டியிருந்தா நின்னிருப்பேன்" என்கிறார். சொந்த நாத்தனார் கை காட்ட வேண்டுமாம்! "இனிமே உங்க வண்டிக்கு நான் கை காட்டினா என் பேரை மாத்திக்கிறேன்" என்றேன். அன்றிலிருந்து நடந்துதான் வேலைக்குப் போகிறேன். இருபத்தைந்து நிமிட நடை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது என் வேலை. காலையில் மூச்சு வாங்க உள்ளே வரும் என்னைப் பார்த்து, ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எனக்கு நாற்காலி தருவார்கள்.

அண்ணிக்கு நாற்பத்தைந்து வயது. பதினேழாம் எண் வண்டியைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறார். ஆள் குள்ளம். இருக்கையில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தால்தான் கால் பிரேக்கை எட்டும். வாழ்க்கையில் அவருக்கு இரண்டே சட்டம். யார் கை நீட்டினாலும் நிற்க வேண்டும். நேரத்துக்கு முன்னால் எந்த நிறுத்தத்தை விட்டும் கிளம்பக் கூடாது. "லேட்டா வர்ற வண்டியில ஜனங்க திட்டிக்கிட்டாவது ஏறிடுவாங்க. முன்னாடியே போயிட்ட வண்டியில யாரு ஏற முடியும்?" என்பார். வீட்டிலும் அதே கதைதான். ஆறு மணிக்கு வெளியே போகலாம் என்று சொன்னால் ஐந்து ஐம்பதுக்கே தலை வாரி, செருப்பு மாட்டி, வாசற்கதவுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நிற்பார். அச்சகத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் சாது. அவரும் பக்கத்தில் நின்று செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் ஓட்டப்பந்தயத்துக்கு வந்ததே பேருந்தால்தான். காலை ஐந்து பத்துக்குக் கிளம்பும் முதல் வண்டியைத் தினமும் மூன்று பேர் துரத்திக்கொண்டு ஓடி வருவார்களாம். ஒருவர் பேக்கரிக்காரர். ரொட்டியை அடுப்பிலிருந்து இறக்கி அடுக்கிவிட்டு, முழங்கை வரை மாவோடு வீட்டுக்குப் போகிறவர். இன்னொருவர் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நீச்சல் குளத்துக்குப் போகிறவர். மூன்றாவது ஆள் லிஃப்ட் பழுது பார்க்கும் இளைஞன். ஊரிலேயே உயரமான கட்டடங்களுக்கு அவன்தான் பொறுப்பு என்பதால் எந்நேரமும் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருப்பான். மூன்று பேரும் தவறாமல் கையை நீட்டிக்கொண்டே ஓடி வந்ததால் அண்ணி தவறாமல் நின்றார்.

ஒருநாள் டீச்சர் சொல்லியிருக்கிறார்: "டிரைவரம்மா, உங்க வண்டியைத் துரத்தித் துரத்தியே நாங்க நல்லா ஓட ஆரம்பிச்சுட்டோம். நீங்களும் கீழ இறங்கி வாங்களேன்."

அண்ணியும் இறங்கி வந்துவிட்டார். இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அணிக்கு 'முதல் வண்டி' என்று பெயர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையில் ஓட்டம், மற்ற நாள் சாயங்காலங்களில் சைக்கிளும் நீச்சலும். பை பிடிக்க ஆள் வேண்டும் என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டார். 'ஒரு நாள்தானே' என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நான்கு பேரின் செருப்பு, சாவி, மூக்குக்கண்ணாடி, ஈரத் துண்டு எல்லாம் இன்று வரை என் தலையில்தான். எனக்கு 'ஊசி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். என் வேலைக்காக வைத்த பெயர் என்று அண்ணி சொல்கிறார். என் வாய்க்காக வைத்தது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு சீசனிலும் ஐந்து பந்தயங்கள் நடக்கும். மலையிலும் காட்டுப்பாதையிலுமாக மூன்று ஓட்டங்கள், இரண்டு ட்ரையத்லான். ட்ரையத்லான் என்றால் முதலில் நீந்தி, பிறகு சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி, அதற்குப் பிறகும் உயிரோடு இருப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு நேரம் உண்டு. ஓர் அணியின் நான்கு பேரும் ஐந்து பந்தயங்களையும் கெடுவுக்குள் முடித்துவிட்டால், ஏரிக்கரைப் படகுக் கூடத்தில் தொங்கும் மரப்பலகையில் அந்த அணியின் பெயரை எழுதுவார்கள். ஒருவர் ஒரே ஒரு முறை பிந்தினாலும் நான்கு பேருக்கும் இல்லை. பரிசு அவ்வளவுதான். வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு வரி. அதற்காக வளர்ந்த மனிதர்கள் நான்கு பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார்கள்.

போன சீசனில் நான்கு பந்தயங்களை ஒழுங்காக முடித்து, கடைசிப் பந்தயத்தில் கோட்டை விட்டார்கள். காரணம் அண்ணி. எந்தத் தண்ணீர் மேசையை எத்தனை மணிக்குத் தொட வேண்டும் என்று கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனார். மூன்றாவது மேசைக்கு ஏழு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷமாக ஓடியிருப்பார்கள். இவர் நின்றார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்த பெண்ணிடம் அவளுடைய படிப்பு, அவள் அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் விசாரித்துவிட்டு, ஏழு நிமிடம் முடிந்ததும் "நேரமாச்சு, வரேன்" என்று கிளம்பினார். அதற்குப் பிறகு வழியில் தொடை பிடித்துக்கொண்டது. கெடு தாண்டி நான்கு நிமிடம் கழித்து வந்து சேர்ந்தார்.

பேக்கரிக்காரர் ஒரு பெட்டி நிறைய பன் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். அண்ணி வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். சுவர் மெல்லியது என்பதால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. நானே நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அந்த அழுகையைக் கேட்ட பிறகு வாய் வரவில்லை.

இந்த சீசன் தொடங்கும்போது இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. பேக்கரிக்காரரின் மகள் வேறு ஊரில் கடை போடுகிறாள். சீசன் முடிந்ததும் அவரும் அங்கே போய்விடுவார். "இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் நாலு பேர் இருக்க மாட்டோம்" என்று லிஃப்ட்காரத் தம்பி சொன்னான். அண்ணி ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஊசி, ஒரு திருட்டு வேலை பண்ணலாமா? டிரைவரம்மாவுக்கு நேரத்துக்கு முன்னாடி போகத்தான் கை கால் வராது. லேட்டாயிடுச்சுன்னா பறப்பாங்க. அதனால நான் ஒரு டைம்டேபிள் போடுறேன். அதுல இருக்கிற நேரத்துக்கு மனுஷங்க யாரும் போய்ச் சேர முடியாது."

"பொய் டைம்டேபிளா?"

"பொய்யில்ல. கொஞ்சம் ஆசைப்பட்டுப் போட்ட டைம்டேபிள்."

முதல் பந்தயம் மலைப்பாதை, பன்னிரண்டு கிலோமீட்டர். மேசைக்கு மேசை அண்ணி ஆறு நிமிடம், ஒன்பது நிமிடம் என்று பிந்திக்கொண்டே போனார். அதாவது பிந்திவிட்டதாக நினைத்தார். முன்னால் போகிறவர்களைத் தாண்டும்போது வலது கையை நீட்டி சைகை காட்டிவிட்டுத்தான் தாண்டினார். தாண்டிய பிறகு கழுத்தைத் திருப்பி, பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இடது பக்கம் ஒதுங்கினார். இருபத்திரண்டு நிமிடம் மிச்சம் வைத்து முடித்துவிட்டு, "லேட்டாயிடுச்சா? லேட்டாயிடுச்சா?" என்று முகமெல்லாம் சேறாக வந்து நின்றவரைப் பார்த்து எனக்கும் டீச்சருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டாவது பந்தயம் சின்ன ட்ரையத்லான். தலையைத் தண்ணீருக்குள் விடாமல் தூக்கிக்கொண்டே நீந்தினார். "ரோட்டைப் பார்க்காம எப்படிப் போறது?" என்று கேட்டவரிடம் டீச்சர் கும்பிடு போட்டுவிட்டு விலகிக்கொண்டார். சைக்கிளில்தான் வினை வந்தது. சாலையோரம் ஒரு பள்ளிக்கூடமே வரிசையாக நின்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாரும் கையை நீட்டி ஆட்டுகிறார்கள். அண்ணி பிரேக் பிடித்தார். ஒரு கால் ஊன்றி நின்று, தப்பு புரிந்து கிளம்பினார். பத்தடி போவதற்குள் அடுத்த கை. மறுபடியும் பிரேக். ஒன்பது முறை நின்றார் என்று அண்ணன் எண்ணிச் சொன்னார். அப்படியும் எப்படியோ கெடுவுக்குள் முடித்துவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் என்னென்ன சொன்னார்கள் என்பதை நான் இங்கே எழுத முடியாது.

அன்றைக்கே வீட்டில் கூட்டம் போட்டோம். இனிமேல் அண்ணி கண்ணில் படுகிற இடத்தில் நம் ஆட்கள் யாரும் கையைத் தூக்கக் கூடாது, இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டு வாயால் மட்டும் கத்த வேண்டும் என்று தீர்மானம். "எனக்கு அதுல கஷ்டமே இல்ல. பதினாறு வருஷப் பழக்கம்" என்றேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மூன்றாவது பந்தயத்துக்குள் லிஃப்ட்காரத் தம்பி அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தான். மைதானத்தில் அண்ணி ஓட வேண்டும், அவன் திடீர் திடீரென்று மரத்துக்குப் பின்னாலிருந்து வந்து கை காட்டுவான், அண்ணி நிற்காமல் போக வேண்டும். பயிற்சி நன்றாகவே வேலை செய்தது. அளவுக்கு மேலேயே வேலை செய்துவிட்டது. காட்டுப்பாதையில் ஒரு திருப்பத்தில் வழிகாட்ட நின்றவர் கையை நீட்டி, "இப்படி! இப்படித் திரும்புங்க!" என்று சொல்ல, அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போய்விட்டார். தனியாகவா போனார்? அவர் ஓடுகிற தோரணையே வழி தெரிந்த ஆள் மாதிரி இருக்கும். பின்னால் வந்த பதினோரு பேரும் அவரை நம்பி அதே பாதையில் போய்விட்டார்கள். முள்கம்பி வேலி வந்து பாதை முடிந்த இடத்தில் அண்ணி திரும்பிப் பார்த்து, "அய்யோ, நீங்கள்லாம் எதுக்கு வந்தீங்க?" என்றாராம். பிறகு அந்தப் பதினோரு பேரையும் எண்ணி, முன்னால் நடக்க விட்டு, யாரும் விட்டுப் போகாமல் பழைய திருப்பத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் தன் ஓட்டத்தைத் தொடர்ந்தார். கெடுவுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தார். அந்தப் பதினோரு பேரும் கோபப்படவில்லை என்பது மட்டுமல்ல, அவரோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.

நான்காவது பந்தயத்தில் மழை. லிஃப்ட்காரத் தம்பி ஒரு ஷூவைச் சேற்றுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டரை ஒற்றை ஷூவில் ஓடினான். மற்றபடி எல்லாரும் நலம்.

ஐந்தாவதுதான் பெரிய ட்ரையத்லான். ஏரியில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். கெடு நான்கு மணி நேரம்.

காலையில் ஏரிக்கரையில் அண்ணியின் நீச்சல் தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டிருந்தேன். அவர் கை சில்லென்று இருந்தது. "இந்தத் தடவை என்னால போயிடக் கூடாது" என்றார். என்னிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, தண்ணீரிடம் சொன்ன மாதிரியும் இருந்தது. "ஒண்ணும் போகாது, போங்க" என்றேன். அன்பாகத்தான் சொல்ல நினைத்தேன், என் வழக்கப்படி அதட்டலாக வந்துவிட்டது.

நீச்சல் முடித்து வந்தார். சைக்கிளில் ஒரு முறைகூட நிற்கவில்லை. அண்ணன் பைக்குள் கையை விட்டுக்கொண்டு கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். ஓட்டம் தொடங்கியதும் நான் கடைசித் தண்ணீர் மேசைக்குப் போனேன். மலைச்சரிவில் இருக்கிற அந்த மேசையிலிருந்து முடிவுக் கோட்டுக்குப் பாதை வழியாக இரண்டு கிலோமீட்டர். ஆனால் குறுக்கே ஒரு படிக்கட்டு உண்டு. நூற்று நாற்பது படி இறங்கினால் நேராக முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவிடும். லிஃப்ட்காரத் தம்பி வந்தான், போனான். டீச்சர் வந்தார், போனார். அவர்களுக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டிய பேக்கரிக்காரர் வரவில்லை.

வந்தபோது நொண்டிக்கொண்டு வந்தார். இரண்டு கெண்டைக்காலும் கல்லாக இறுகியிருந்தன. பெஞ்சில் உட்கார வைத்து உப்புத் தண்ணீர் கொடுத்தேன், காலை நீவிவிட்டேன். எழுந்தார், இரண்டடி வைத்தார், மறுபடி உட்கார்ந்தார். பந்தயக் கடிகாரம் மூன்று மணி நாற்பது நிமிடம் என்றது.

"ஊசி, நம்ம டிரைவர் தங்கச்சி வருவா. என்னைப் பார்த்தா நின்னுடுவா. நீ ஒண்ணும் சொல்லாதே" என்றார்.

"நீங்க முடிக்கலைன்னா அவங்க முடிச்சு என்ன பிரயோஜனம்? பலகையில பேரு வராதே!"

"பலகை கிடக்குது. போன வருஷம் அவ எவ்வளவு அழுதா! அவளாவது இந்த வருஷம் நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்."

சரிவில் அண்ணியின் தலை தெரிந்தது. பேக்கரிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? வலியில் தன்னை அறியாமல் கை மேலே போய்விடுமோ என்று பயந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். அறுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கிற மனிதர், சோப்பு போட்டாலும் போகாமல் நகக்கண்ணில் மாவு படிந்த கைகள்.

அண்ணி வந்தார். பார்த்தார். நின்றார்.

"நான் கை காட்டலையே! எதுக்கு நிக்கிற? போ!" என்று பேக்கரிக்காரர் கத்தினார்.

"ஸ்டாப்புல ஆள் உக்கார்ந்திருந்தா கை காட்டணும்னு அவசியமில்லண்ணே. எந்திரிங்க."

அண்ணி கையில் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தார். அதில் மூன்று இருபத்தைந்து என்று இருந்தது. கடிகாரத்தில் மூன்று நாற்பத்தொன்று. இனி மறைத்துப் பயனில்லை என்று நான் போட்டு உடைத்தேன்.

"அண்ணி, அது டீச்சர் போட்ட பொய் டைம்டேபிள்! நீங்க லேட்டே இல்ல. இன்னும் பத்தொன்பது நிமிஷம் இருக்கு!"

"தெரியும்" என்றார் அண்ணி, பேக்கரிக்காரரின் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டே. "முதல் ரேஸ்லயே தெரியும். பத்தொன்பது வருஷமா டெப்போவுல இந்த மாதிரி டைம்டேபிளைத்தான் கையில குடுக்கறாங்க."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"டீச்சர் எனக்காக உக்கார்ந்து போட்டுக் குடுத்திருக்காங்க. அதை எப்படித் தப்புன்னு சொல்றது?"

இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

அதற்கடுத்த இரண்டு கிலோமீட்டரில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பேக்கரிக்காரர் சொன்னதுதான், அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். "அண்ணே, இப்ப நாம பள்ளிக்கூடம் ஸ்டாப்புல இருக்கோம். டெர்மினஸுக்கு இன்னும் நாலு ஸ்டாப்பு. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு ஓடணும், ஸ்டாப்புல பத்து எண்ற வரைக்கும் நடக்கலாம்" என்று அண்ணி ஆரம்பித்திருக்கிறார். அந்த வழி அவருக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்திலிருந்து டெர்மினஸ் சரியாக இரண்டு கிலோமீட்டர். ஒரு வளைந்த மரத்தைக் காட்டி "தபால் ஆபீஸ்" என்றாராம். ஒரு பாறையைக் காட்டி "மார்க்கெட், மார்க்கெட் இறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க" என்றாராம். வலி உயிர் போகிறபோதும் தனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் கால் கொஞ்சம் தளர்ந்தது என்று பேக்கரிக்காரர் சொல்கிறார். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மட்டும் தான் இறங்கிக்கொள்வதாகச் சொன்னாராம். "அங்க இன்னைக்கு லீவு" என்று இழுத்துக்கொண்டு போனார் அண்ணி.

நான் படிக்கட்டில் ஓடினேன். ஆமாம், நான்தான் ஓடினேன். நான்கு பேரின் பைகளும் தோளில் குதிக்க, நூற்று நாற்பது படியும் ஓடி இறங்கினேன். கீழே டீச்சரும் தம்பியும் துண்டைப் போர்த்திக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. அண்ணன் பைக்குள் கையை விட்டபடியே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தார். ஐம்பத்தெட்டு. வளைவில் இரண்டு தலைகள் தெரிந்தன, ஒன்று உயரமாக, ஒன்று அதன் அக்குளுக்குள்.

கூட்டம் எழுந்து நின்றது. கோட்டுக்கு நெருக்கமாக வந்தார்கள். அண்ணி பேக்கரிக்காரரின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளிவிட்டார். அவர் கோட்டைத் தாண்டி டீச்சரின் மேல் சரிந்தார். கடிகாரத்தில் இன்னும் நாற்பத்தைந்து விநாடி.

அண்ணி கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. டெர்மினஸ் வந்தால் பயணிகள் எல்லாரும் இறங்க வேண்டும், ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, தூங்குகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா, பை ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர் இறங்க வேண்டும். பத்தொன்பது வருஷப் பழக்கம், அதுவும் களைத்துப்போன உடம்பு. திரும்பி நின்று வளைவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் ஒருவரும் இல்லை என்பதை நன்றாகத் தெரிந்துகொள்கிற வரைக்கும் பார்ப்பார்.

எல்லாரும் கத்தினார்கள். டீச்சர் கத்தினார், தம்பி கத்தினான், அண்ணனின் கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. நானும் "அண்ணீ!" என்று கத்தினேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் கத்தினேனே, அதே கத்தல். கத்தினால் நிற்கிற, கிளம்புகிற ஆளா அவர்? ஒரு வண்டி நிறைய ஜனம் தினமும் காதருகில் கத்துகிறது. முப்பது விநாடி.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் சேர்ந்தே ஓடின. பைகளைத் தரையில் போட்டேன். கயிற்றுக்கு அடியில் குனிந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் நடுப்பாதையில் போய் நின்றேன். அண்ணி முகத்தைத் திரும்பவும் முன்னால் கொண்டுவந்த நேரம் பார்த்து, என் வலது கையைத் தூக்கி, நேராக நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நேராக வந்து, கோட்டைத் தாண்டி, என் விரல்நுனிக்கு முன்னால் சரியாக நின்றார். தலைக்கு மேல் கடிகாரம் பதினொரு விநாடி மிச்சம் என்று காட்டியது.

"உனக்கு ஒரு கையைத் தூக்கப் பதினாறு வருஷம் ஆச்சு" என்றார்.

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். ஏரித் தண்ணீர், சேறு, வியர்வை எல்லாம் என் மேல் ஒட்டின. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். பேக்கரிக்காரர் தரையில் படுத்தபடி இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி ஆட்டினார். அண்ணி அவரையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

'முதல் வண்டி' என்று பலகையில் எழுதிவிட்டார்கள். எழுதியவர் கொஞ்சம் கோணலாக எழுதிவிட்டார் என்று நான் சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேக்கரிக்காரர் அடுத்த வாரம் ஊர் மாறிப் போனார். போகிற அன்று பெட்டி படுக்கையோடு ஐந்து பத்து வண்டியில்தான் போனார். அவருக்கு டெர்மினஸில் கடைசியாக இறங்குகிற உரிமையை அண்ணி கொடுத்தாராம்.

அந்தப் பந்தயத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கிற நிறுத்தத்துக்குப் போனேன், ஏழு முப்பத்தைந்துக்கே போய்விட்டேன். தூரத்தில் பதினேழாம் எண் வண்டி தெரிந்தது. அது முந்தைய நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஏறுகிறவர்கள் ஏறிவிட்டார்கள், இறங்குகிறவர்கள் இறங்கிவிட்டார்கள், சாலையும் காலி. ஆனாலும் வண்டி அசையவில்லை. சீக்கிரம் வந்துவிட்டார் போலிருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் தலையணையில் சாய்ந்தபடி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரியும். நான் கையை நீட்டியபடியே நின்றேன்.